30 நிமிடமாம், கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள்!

"தயாரிக்க 10 நிமிடம், வேக 20 நிமிடம்." இப்படிச் சமையல் செய்முறை எழுதிய புண்ணியவான் என் கண்முன் வந்து நின்றால் கையில் ஒரு கட்டு லீக்ஸைக் கொடுத்து, "ஐயா, முதலில் இதைக் கழுவிக் காட்டுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்" என்பேன்.

விஷயம் இதுதான். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, பூக்கோவா எல்லாவற்றையும் வெள்ளைச் சோஸில் புரட்டி, மேலே பாண்தூளும் சீஸும் தூவி, மேற்பரப்பு மொறுமொறு என்று வரும்வரை அவனில், அதாவது மின்சாரப் போறணையில், சுட்டெடுக்கும் சாப்பாடு. கசரோல் என்கிறார்கள். எங்கள் மாமி அதற்குப் "போறணைக் கறி" என்று பெயர் வைத்துவிட்டார். கடந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்யப் புறப்பட்டுத்தான் நான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

கொழும்பிலிருந்து நாத்தனார் பிள்ளைகளுடன் வருவதாகச் சனிக்கிழமை தொலைபேசியில் சொன்னாள். "அண்ணி, பிள்ளைகள் அந்த அவனில் சுடும் மரக்கறியைத்தான் கேட்கிறார்கள். உங்களுக்கென்ன, வாசலைத் திறந்தால் லீக்ஸ், கரட்!"

நுவரெலியாவில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் வாழ்நாளில் நூறு தடவையாவது கேட்டிருக்கும் வசனம் இது. வாசலைத் திறந்தால் என்ன தெரியும் என்று நான் சொல்கிறேன். லொறி தெரியும். கந்தப்பளையிலிருந்தும் மீப்பிலிமானையிலிருந்தும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளுக்கு இறங்கிப் போகிற லொறி. அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எங்களுக்குக் கிடைத்த வரம். நான் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனபோது எட்டு மணி. "டீச்சர், நல்லதெல்லாம் விடியற்காலையிலேயே ஏறிவிட்டது" என்றார் கடைக்காரர். மிச்சம் இருந்தவை இரண்டு கால் முளைத்த கரட், நுனி மஞ்சளடித்த லீக்ஸ், ஒரு பக்கம் கறுத்த பூக்கோவா. இதே ஊரின் கரட் கழுவித் துடைத்த முகத்தோடு "நுவரெலியா கரட்" என்ற பெயர்ப்பலகையின் கீழ் கொழும்புக் கடைகளில் அடுக்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கோபம் வருமா, வராதா?

உருளைக்கிழங்கு தனிக்கதை. இறக்குமதிக் கிழங்குக்கு மண்ணைப் பூசி உள்ளூர்க் கிழங்கு என்று விற்கும் வித்தை எங்கள் பக்கத்தில் புதிதல்ல. வாங்கும்போது நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன். கடைக்காரர் என்னைச் சுரண்டுவதுபோலப் பார்க்கிறார்.

தோட்டம் செய்கிறவர்களை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை போட்டபோது அவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2000 ரூபாயைத் தொட்டதே, அப்போதும் இதே வசனத்தை ஓர் உறவினர் என்னிடம் சொன்னார். உங்களுக்கென்ன, வாசலைத் திறந்தால் கரட். வாசலைத் திறந்தால் பணமும் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

சரி, லீக்ஸுக்கு வருகிறேன். "லீக்ஸைக் கழுவி நறுக்கவும்" என்பது செய்முறையில் மூன்றே சொற்கள். அந்த வெள்ளைத் தண்டை நீளவாக்கில் பிளந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மடலுக்கு உள்ளேயும் கறுத்த மண் கோடு இழுத்ததுபோல உட்கார்ந்திருக்கும். வெளியே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது அசையாது. ஒவ்வொரு மடலாக விரித்து, விரலால் தேய்த்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். எங்கள் குழாய்த் தண்ணீரோ எலும்பைக் கடிக்கும். மூன்றாவது தண்ணீரில் விரல்கள் என்னுடையவையா என்ற சந்தேகம் வந்தது. இதற்கு மட்டும் 25 நிமிடம். அவர்கள் கொடுத்த 10 நிமிடம் கிணற்றில் விழுந்துவிட்டது. அடுப்பு இன்னும் பற்றவே இல்லை.

அடுத்த அபத்தம்: "கிழங்கையும் கரட்டையும் 8 நிமிடம் அவிக்கவும்." அவித்தேன். கத்தியால் குத்தினேன், கல். பன்னிரண்டு நிமிடம், பதினைந்து நிமிடம், இன்னும் நடுவில் நறுக்கென்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விஞ்ஞான ஆசிரியை. உயரம் கூடக்கூட வளிமண்டல அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை என்று கணக்குப் போட்டால், என் சட்டியில் தண்ணீர் 94 பாகையிலேயே தளதளவென்று கொதித்துவிடும். எவ்வளவு நெருப்பைக் கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் கூடும். கடற்கரையில் உட்கார்ந்து எழுதிய எட்டு நிமிடத்துக்கு இங்கே என்ன மதிப்பு?

அதைவிட மோசம், பாதி வெந்ததை "மிச்சம் அவனில் வெந்துவிடும்" என்று நம்பி உள்ளே வைப்பது. வேகாது! அவனின் காற்று 180 பாகையாக இருக்கலாம். சோஸுக்குள் மூழ்கிக் கிடக்கும் கிழங்குக்கு அதே 94 பாகைதான். மேலே கருகும், உள்ளே கடிக்கும். போன தடவை அப்படித்தான் ஆனது. மாமி பல்லைத் தடவிக்கொண்டே எழுந்து போனார். இந்தத் தடவை அவரே அடுக்களை வாசலில் நின்று, "குக்கரில் போடு மகள், பருப்பை வேறு எப்படி அவிக்கிறோம்?" என்றார். விஞ்ஞானம் படிக்காதவர். அமுக்கத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும் என்பதை விசிலை எண்ணியே தெரிந்துவைத்திருக்கிறார்.

வெள்ளைச் சோஸ். இரண்டு மேசைக்கரண்டி பட்டர், அதே அளவு கோதுமை மா, ஒரு கோப்பை பால். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. அம்பேவெல பக்கம் போனால் நாட்காட்டிக்குப் படம் எடுக்கும் அழகில் பசுக்கள் மேய்கின்றன. அங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் என் அலுமாரியில் கிடப்பதோ நியூசிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பால்மா. அதை வெந்நீரில் கரைத்தால் ஒரு கட்டி, பட்டரில் வறுத்த மாவில் ஊற்றினால் இன்னொரு கட்டி. மா நன்றாக இறுகுவதற்குச் சோஸ் கொதிக்கும் தறுவாய்க்கு வர வேண்டும். எங்கள் கொதிநிலையே தாழ்ந்தது என்பதால் கரண்டியை நிறுத்தாமல் கிளறிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. கை வலித்தது. சாதிக்காய் துருவும்போது விரலும் கொஞ்சம் துருவப்பட்டது. சீஸைப் பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவருக்கு 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அதில் பெரும்பகுதியை ஒரு சிறிய சீஸ் பொட்டலம் விழுங்கிவிடும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதைத் துருவும்போது கை கூசும். "தாராளமாகத் தூவவும்" என்கிறது செய்முறை. யார் வீட்டுத் தாராளம்?

இனி அந்த மொறுமொறு. வயிறு எரிவதே இங்குதான். முதல்நாள் பாணைக் காயவைத்துத் தூளாக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் எதைக் காயவைப்பது? துவைத்த சட்டை மூன்று நாள் கொடியில் தொங்கியும் ஈரம் சொட்டுகிறது. உப்புப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினால் கல்லாகத்தான் விழுகிறது. மேசையில் வைத்த பாண்துண்டு காலையில் முந்தினநாளைவிட மிருதுவாக இருந்தது. மூடுபனி சன்னல் இடுக்கால் வந்து அதைத் தடவிக் கொடுத்திருக்கிறது. கடைசியில் தூளை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, உருக்கிய பட்டரில் பிசறினேன். ஒவ்வொரு தூளையும் கொழுப்பு மூடியிருந்தால் கீழிருந்து வரும் ஆவி அதற்குள் சீக்கிரம் இறங்காது. தூவ வேண்டியதும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். இந்த இரண்டையும் என் செய்முறை சொல்லவில்லை. படத்தில் மட்டும் மேற்பரப்பு தங்கமாக மின்னுகிறது.

தூவினேன். அவனில் வைத்துக் கதவை மூடினேன். மூன்றாவது நிமிடம் மின்சாரம் போனது.

காற்றடித்தால் எங்கேயோ ஒரு சவுக்கு மரம் கம்பியில் சாயும், எங்கள் வரிசை முழுவதும் இருளும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நாடுதானே, இதற்கெல்லாம் அசையக் கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கணவர் யோசனை சொல்ல வந்தார். பெரிய சட்டியில் மணல் பரப்பி, மூடி போட்டு, கேஸ் அடுப்பில் வைக்கலாமாம், கேக் சுடுவதுபோல. மூடியைப் போட்டால் ஆவி எங்கே போகும்? மூடியில் முட்டி என் பாண்தூள் மேலேயே சொட்டும். இதை நான் கொஞ்சம் உரத்த குரலில்தான் சொன்னேன் என்று பிறகு பிள்ளைகள் சொன்னார்கள்.

அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, குடையோடு கீழ்ச்சந்தி பேக்கரிக்கு இறங்கிப் போனார். அங்கே விறகுப் போறணை. காலைப் பாண் இறக்கிய சூடு இன்னும் இருந்தது. பாஸ் நீளக் கட்டையால் பாத்திரத்தை உள்ளே தள்ளிவிட்டு, "என்ன சார், வீட்டில் சண்டையா?" என்று மட்டும் கேட்டாராம். ஏழே நிமிடத்தில் மேற்பரப்பு படத்தில் இருந்ததைவிட அழகாகச் சிவந்துவிட்டது என்று கணவர் சத்தியம் செய்கிறார். நான் பார்க்கவில்லை. ஆறவிடக் கூடாது என்று பேப்பரால் இறுக்கி மூடி, தூறலில் ஏற்றம் ஏறிக் கொண்டுவந்தார். திறந்தபோது பேப்பரின் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம். என் மொறுமொறு, நனைந்த ரஸ்க்கு.

தொடங்கியது ஒன்பது மணி. தட்டில் விழுந்தது ஒன்று ஐம்பதுக்கு. பிள்ளைகள் கட்டசம்பலைத் தொட்டுத் தொட்டு முழுவதையும் வழித்துச் சாப்பிட்டார்கள், அதை மறைக்க மாட்டேன். பாத்திரத்தின் ஒரே ஒரு மூலையில் மட்டும் ஓரங்குலம் மொறுமொறு மிஞ்சியிருந்தது. மாமி அதைக் கரண்டியால் சுரண்டி யாருக்கும் காட்டாமல் வாயில் போட்டுக்கொண்டார். கடக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது.

புறப்படும்போது நாத்தனார் லீக்ஸ் இரண்டு கட்டு வாங்கிப் பையில் திணித்துக்கொண்டாள். "அண்ணி, வீட்டில் நானும் செய்து பார்க்கிறேன். எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"அரை மணித்தியாலம்" என்றேன்.