நம்ம ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில ரெண்டு பிள்ளைதான் சேர்ந்திருக்காம், மீதிப் பிள்ளைங்க எங்கே?

நேத்து ஊர் குரூப்ல ஓடுன அந்தப் போட்டோவைப் பத்தித்தான். யார் போட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும், நான் பேர் சொல்லல. டீச்சர் செல்போனைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. கீழே, "இதுக்கு எதுக்குய்யா சம்பளம், இழுத்து மூடுங்க". அதுக்குக் கைதட்டல் வேற.

அந்தம்மா ரீல்ஸ் பார்க்கல சாமி. வருகைப்பதிவே இப்ப ஆப்லதான். அந்த ஜன்னலோரம் மட்டும்தான் டவர் எடுக்கும். போட்டோவை நல்லாப் பாருங்க, ஜன்னல் தெரியும்.

பள்ளிக்கூடம் காலின்னு சொல்றீங்களே, காலி பண்ணது யாரு? காலைல ஏழேகாலுக்குப் பால் சொசைட்டி முன்னாடி தனியார் பள்ளி மஞ்ச வேன்ல ஏத்திவிடுறது யாரு?

60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் கணக்கு வச்சிருக்கு. வகுப்பு அஞ்சு. ஹெச்.எம். மீட்டிங் போனா மிச்சம் ஒருத்தர். ஒண்ணாப்புக்கு 'அ' எழுதிக் காட்டிட்டு, அப்படியே திரும்பி அஞ்சாப்புக்கு வகுத்தல் சொல்லணும். உடனே "அங்க யாருய்யா சொல்லிக்கொடுக்குறா"ன்னு இன்னும் நாலு பிள்ளை வேன் ஏறும். அதே சட்டப்படி தனியார் பள்ளிகள்ல 25 சதவீத இடத்துக்குக் காசு கட்டுறதும் அரசாங்கம்தான். நல்லா இருக்குல்ல?

"நீ மட்டும் யோக்கியமா?" இல்ல. மூத்தவளை நானும் மூணு வருஷம் வேன்லதான் அனுப்புனேன். ஒருநாள் 'மை வில்லேஜ்'னு பத்து வரியை மூச்சுவிடாம ஒப்பிச்சா. தமிழ்ல உன் பேரை எழுதுடான்னேன், முழிச்சா. அதான் சின்னவனை இங்க சேர்த்தேன். இப்ப டீக்கடை போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். சேர்த்த வாரமே ஒரு காதுகுத்துப் பந்தியில, "ஏன் மாப்ள, கையில ஓட்டம் இல்லையா?"ன்னு மச்சான் ஒருத்தர் சத்தமாக் கேட்டார். சோறு இறங்கல.

தரம் இல்லைங்கிறீங்க. சில பிள்ளைங்க வாசிக்கத் திணறுது, ஒத்துக்கிறேன். அதுக்குத்தான் சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022ல வந்துச்சு. வேன்ல போற பிள்ளைங்க திக்காம வாசிக்குதான்னு யாராவது போட்டோ எடுத்தீங்களா?

கடைசியா ஒரு கமெண்ட். "சோத்துக்குத்தானே வருதுங்க." ஆமாய்யா, வருதுங்க. 2023ல இருந்து காலைச் சாப்பாடும் போடுறாங்க. விடியக்காலையில களையெடுக்கப் போற ஆத்தா எப்ப உலை வைக்கும்? இதைப் போட்டவர் என்கூடத்தான் அதே வராண்டாவுல தட்டேந்தி உட்கார்ந்தவர். அப்ப வாரத்துக்கு ஒரு முட்டை. என் தட்டுல இருந்து பாதியைப் பிச்சுக்கிட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.