யாஸ் மரீனா: பந்தல் பிரமாதம், பந்தி?

ஃபார்முலா 1 கார் பந்தயப் பருவம் முடியப் போகிறது என்றாலே எனக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுப் பார்த்த கதையின் முடிவை அபுதாபியின் யாஸ் மரீனா தடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்களே!

அழகில் குறை சொல்ல மாட்டேன். 2009 முதல் பார்க்கிறேன்: மாலை வெயிலில் தொடங்கி இரவு விளக்கில் முடியும் பந்தயம், தடத்தின் மேலேயே நிற்கும் ஹோட்டல், பக்கத்தில் படகுத்துறை. டயர் மாற்ற நிற்கும் பிட்டிலிருந்து வெளியேறச் சுரங்கம்கூட உண்டு. கல்யாணப் பந்தல் பிரமாதம்; பந்தியில் உட்கார்ந்தால் இலையில் ஒன்றுமில்லை.

2010-ஐ மறக்க முடியுமா? பந்தயத்தை செபாஸ்டியன் வெட்டலே வென்றாலும், ஆண்டுப் பட்டம் வெல்ல ஃபெராரி அணியின் அலோன்சோவுக்கு நான்காம் இடம் போதும். பட்டத்துக்குப் போட்டியிட்ட இன்னொருவரான வெப்பர் டயர் மாற்றியதைப் பார்த்து 15-ஆம் சுற்றில் அவரையும் உள்ளே அழைத்தார்கள். வெளியே வந்தால் முன்னால் பெட்ரோவ் ஓட்டிய ரெனோ கார். அவர் முதல் சுற்றிலேயே டயரை மாற்றிவிட்டிருந்தார்; இனி நிற்கத் தேவையில்லை. மிச்சமிருந்த 40 சுற்றும் முந்த வழியில்லாமல் அந்தக் காரின் முதுகைப் பார்த்தபடியே ஓட்டி அலோன்சோ ஏழாவதாக வந்தார். நான்கே புள்ளியில் பட்டம் வெட்டலுக்குப் போனது. ஃபெராரியின் வியூகத்தை எல்லோரும் திட்டினார்கள், நானும்தான். ஆனால் வேறொரு தடத்தில் அந்தத் தப்பைத் திருத்திக்கொள்ள ஒரு வழியாவது இருந்திருக்கும்.

இத்தனைக்கும் அங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ப்பாதை உண்டு. நேர்ப்பாதையில் முந்த வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வளைவிலிருந்து முன்காரை ஒட்டியபடி வெளியே வர வேண்டும். இங்கேயோ கொண்டை ஊசி வளைவின் வாசலிலேயே ஒரு குறுகிய நெளிவை வைத்திருந்தார்கள். கார்கள் அங்கே ஒற்றை வரிசையாகிவிடும். பின்னால் வருபவர் விட்ட இடைவெளி, வேகம் பிடிக்கும்போது இன்னும் விரியும். பிறகு நேர்ப்பாதை இருந்தென்ன?

2021-இல் அந்த நெளிவை நீக்கினார்கள். கொண்டை ஊசி வளைவை அகலமாக்கினார்கள். வேறோர் இடத்தில் நான்கு வளைவுகளை ஒரே சரிந்த வளைவாக மாற்றினார்கள். 5.554 கி.மீ. தடம் 5.281 கி.மீ. ஆனது. பன்னிரண்டு வருடம் ரசிகர்கள் புலம்பியது வீண் புலம்பல் இல்லை என்றாகிவிட்டது அல்லவா? அந்த ஆண்டே கடைசிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனை முந்தியது புதிய வளைவில்தான் என்று நண்பர்கள் வாதாடுவார்கள். புது டயர் போட்டவர் தேய்ந்த டயரில் தவித்தவரை முந்தியதற்குத் தடத்துக்கு எதற்குப் பாராட்டு? 2015 முதல் 2024 வரை அங்கே பத்துப் பந்தயங்கள். பத்திலும் முதலிடத்தில் புறப்பட்டவரே வென்றார்.

நல்ல பந்தயமே நடக்கவில்லையா என்றால், 2012 உண்டு. எல்லோருக்கும் பின்னால் பிட்டிலிருந்து புறப்பட்ட வெட்டல் மூன்றாவதாக வந்தார். அதற்கும், விபத்து நடந்தால் எல்லாக் கார்களையும் மெதுவாக்கி ஒன்றுசேர்க்கும் சேஃப்டி கார் இரண்டு முறை வர வேண்டியிருந்தது. முதல் முறை, நம் நரேன் கார்த்திகேயனின் கார் கோளாறாகி வேகம் குறைய, ரோஸ்பெர்க் அதன் மேலேறிப் பறந்ததால். நல்ல வேளை, இருவருக்கும் காயமில்லை.

இந்த முறையும் பார்ப்பேன்தான். புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றைக் கண் கொட்டாமல் பார்ப்பேன். ஞாயிறு மாலை முதல் வளைவைத் தாண்டியதும் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போய்விடுவேன்.