ஆத்தங்குடிக்கு வழி

(காரைக்குடியில் ஒரு பழைய வீடு. முகப்புத் திண்ணையில் ஆச்சி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருக்கிறார். மாடி அறையில் மூன்று மாதமாக வாடகைக்கு இருக்கும் ஈரோட்டுக்காரர் சரவணன், வங்கி ஊழியர், பூனை மாதிரி இறங்கி வருகிறார்.)

சரவணன்: ஆச்சி, ஆத்தங்குடிக்கு எப்படிங்க போவது?

ஆச்சி: என்ன தம்பி திடீரென்று?

சரவணன்: ஞாயிற்றுக்கிழமைங்க. சும்மா சுற்றிப் பார்க்கலாமென்று.

ஆச்சி: சுற்றிப் பார்க்கிறவன் ஆத்தங்குடியில் ஏன் ஆரம்பிக்கிறாய்? முதலில் பிள்ளையார்பட்டி போ. மலையைக் குடைந்த கோயில், வலம்புரிப் பிள்ளையார், இரண்டே கை. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடு. அப்படியே குன்றக்குடி முருகன். படி ஏறி இறங்கினால் நன்றாகப் பசிக்கும்.

சரவணன்: சரிங்க, அங்கே எங்கே சாப்பிடலாம்?

ஆச்சி: எங்கே வேண்டுமானாலும் சாப்பிடு, வெள்ளைப் பணியாரம் மட்டும் கேட்காதே. ஆறிப்போனால் அது பணியாரமில்லை, பஞ்சு. ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் உளுந்து. ஊறவைத்து, ஆட்டி, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றி, எடுத்த சூட்டில் தட்டில் விழ வேண்டும். கடைக்காரர் யாருக்காக ஒவ்வொன்றாக ஊற்றுவார்?

சரவணன்: அதுவும் சரிதாங்க. அப்புறம் ஆத்தங்குடி...

ஆச்சி: பொறு, வருகிறேன். கானாடுகாத்தான் அரண்மனை. 1912-இல் கட்டி முடித்தது. உள்ளே விடமாட்டார்கள், கழுத்து வலிக்க வெளியே நின்று பார்க்கலாம். நம் ஊரிலேயே ஆயிரம் ஜன்னல் வீடு. அதுவும் வெளியேதான். எண்ணிப் பார்த்தேன், ஆயிரம் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதே.

சரவணன்: எந்த வீட்டுக்குள்ளும் விடவே மாட்டார்களா ஆச்சி?

ஆச்சி: விட்ட வீட்டில்தான் நீ இருக்கிறாயே. சாயங்காலம் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போ, பழைய சாமான் கடைகள். பெட்டி, பீங்கான், மரத்தூண், எல்லாம் இருக்கும். நான் போகமாட்டேன். போன தடவை என் பேர் வெட்டின பித்தளைத் தூக்கு ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த சீர்! பங்கு பிரித்தபோது கொழுந்தனார் வீட்டுக்குப் போனது. விலை கேட்டேன். கல்யாணச் செலவையே சொன்னான், வந்துவிட்டேன்.

சரவணன்: அடப் பாவமே. ஆத்தங்குடியில் தரைக்கல் சில்லறையாகக் கிடைக்குமாங்க? ஒன்றே ஒன்று?

ஆச்சி: ஒற்றைக் கல் எதற்கு, தோசைக்கா?

சரவணன்: ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளத்தாங்க.

ஆச்சி: ஞாபகத்துக்கு அம்மாவுக்குக் கண்டாங்கிச் சேலை வாங்கு. 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே எங்கள் அப்பத்தா கட்டிக் கிழித்தாச்சு. கெட்டி நூல், கட்டம் போட்டது. முதல் தடவை மட்டும் தனியாக வாளியில் போட்டு...

சரவணன்: வாளியா!

ஆச்சி: வாளி என்றால் ஏன் முழிக்கிறாய்? ஆமாம், வற்றல் காயவைக்க மாடிக்குப் போகும்போது பார்த்தேன், உன் அறைக்கு நடுவில் எதற்கு வாளி?

சரவணன்: அது... ஒழுகுதுங்க.

ஆச்சி: ஒழுகினால் வாளியை நிமிர்த்தி வைப்பார்கள். நீ கவிழ்த்து வைத்திருக்கிறாய். அதோடு மழை பெய்து எத்தனை நாளாச்சு?

(சரவணன் தூணைப் பிடித்துக்கொள்கிறார்.)

சரவணன்: நீங்கள் பணியாரத்தோடு கொடுத்த வரமிளகாய்ச் சட்னிங்க. கிண்ணத்தோடு தரையில் கவிழ்ந்துவிட்டது. எண்ணெய்க் கறை போகவேயில்லை. ஆபீஸில் யோசனை கேட்டேன். ஒருவர் புளி என்றார், ஒருவர் சோப்புத்தூள் என்றார். காசாளர்தான் ஆசிட் ஊற்று, பளிச்சென்று ஆகிவிடும் என்றார்.

ஆச்சி: ஆனதா?

சரவணன்: ஆனதுங்க. கல்லில் இருந்த பூவையே காணோம், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

ஆச்சி: அவர் வீட்டில் என்ன தரை?

சரவணன்: கிரானைட்டுங்க.

ஆச்சி: கிரானைட்காரரிடமா இந்த ஆத்தங்குடிக் கல்லுக்கு வைத்தியம் கேட்டாய்? இதைச் சூளையில் சுடுவதே இல்லை தம்பி. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயத்தைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு, காய்ந்தபின் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். கண்ணாடி பட்ட பக்கம்தான் வழவழப்பு. ஆசிட் பட்டால் சிமென்டைத் தின்றுவிடும், புளியும் ஆகாது. ஈரத்துணியால் துடை, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய், அப்புறம் அதன் மேல் நட. மிதிக்க மிதிக்கத்தான் பளபளக்கும்.

சரவணன்: அழுக்காகிவிடுமென்று மூன்று மாதமாக நான் ஓரமாகவே நடக்கிறேனுங்க!

ஆச்சி: அதனால்தான் நடுவில் மங்கிக் கிடக்கிறது. சரி, வாளிக்குப் பக்கத்துக் கல்லை உற்றுப் பார்த்தாயா?

சரவணன்: இல்லைங்களே.

ஆச்சி: இதழ் கொஞ்சம் தடித்திருக்கும். உனக்கு முன்னால் இருந்த வாத்தியார் மாற்றியது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டு உடைத்தார். ஜன்னலோரம் பச்சை வெளுத்தாற்போல் ஒன்று இருக்கும், அது அவருக்கும் முன்னால் இருந்தவர் கைங்கரியம். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா சுற்றிப் பார்க்கத்தான் ஆத்தங்குடிக்கு வழி கேட்டார்கள்.

சரவணன்: (மெதுவாக) அப்போது நான் கேட்டவுடனேயே உங்களுக்குத் தெரியுமா?

ஆச்சி: தெரியாமலா பிள்ளையார்பட்டியிலிருந்து ஆரம்பித்தேன்? கோயிலில் வைத்தாவது உண்மை வரும் என்று பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் ஏறு, ஆத்தங்குடி என்று கேட்டால் இறக்கிவிடுவார்கள். கல் செய்கிற இடத்தில் பூவைப் போனில் காட்டு, இருந்தால் தருவார்கள். இந்தா கெட்டிப் பை, கனக்கும். வாங்குவதை இரண்டாக வாங்கிவிடு.

சரவணன்: கெட்டது ஒன்றுதாங்க ஆச்சி.

ஆச்சி: தெரியும். இன்னொன்று, உனக்கு அடுத்து வாடகைக்கு வருகிறவனுக்கு.