என் பட்டியலில் ஏன் கை வைத்தீர்கள்?

நாம் கோடிங் ப்ராப்ளங்கள் போட்டுப் பழகும் இந்தத் தளத்தில் வந்த அந்த அப்டேட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் லாகின் செய்த எல்லாரும் பார்த்திருப்பீர்கள். புதிய ஃபோல்டர்கள், ஒவ்வொரு ப்ராப்ளத்தின் பெயருக்குப் பக்கத்திலும் அது எந்த வகை என்று சொல்லும் வண்ண டேக், மேலே எத்தனை சதவீதம் முடித்தோம் என்று காட்டும் வளையம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதோடு நின்றிருந்தால் நானும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகியிருப்பேன். ஆனால் நாம் கையால் சேர்த்துவைத்திருந்த பழைய பட்டியல்களையும் எடுத்து, கேட்காமல் கொள்ளாமல், தலைப்பு வாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டார்கள். என்னுடையது 9 பட்டியல்கள், 214 ப்ராப்ளங்கள். பட்டியல்களுக்கு நான் வைத்த பெயரும் போயிற்று, வரிசையும் போயிற்று. அந்த இடத்தில் அர்ரே, ஸ்ட்ரிங், ட்ரீ, கிராஃப், டைனமிக் புரோகிராமிங் என்று ஐந்து ஃபோல்டர்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இதைப் பற்றி அன்றைக்கே இரண்டு வரி போட்டேன். "ப்ராப்ளம் எதுவும் அழியவில்லையே, எல்லாம் உள்ளேதானே இருக்கிறது, அப்புறம் என்ன?" என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். உண்மைதான், 214-ம் இருக்கின்றன. மணிகள் எல்லாம் இருக்கின்றன, கோத்திருந்த நூலைத்தான் உருவிவிட்டார்கள். எனக்கு அந்த நூல்தான் முக்கியம்.

என் பட்டியல்களின் பெயர்களைச் சொன்னால் புரியும். "கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை." "ஒன்று குறைந்தது, ஒன்று கூடியது." "இன்டிஜர் எல்லை தாண்டியது." "நெகட்டிவ் எண்ணை மறந்தேன்." "விடை வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை." இப்படி ஒன்பது. ஒரு ப்ராப்ளம் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்பதை வைத்து நான் அடுக்கவே இல்லை. அதில் நான் எங்கே சறுக்கினேன் என்பதை வைத்து அடுக்கினேன். மூன்று வருடம் சறுக்கிச் சறுக்கிச் சேர்த்த பட்டியல் அது. எந்தப் பாடம் என்று தளத்துக்குத் தெரியும். நான் எங்கே விழுந்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்களிடம் ஏற்கெனவே இருந்த தகவலை வைத்துக்கொண்டு, என்னிடம் மட்டும் இருந்த தகவலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். திரும்பத் திரும்ப இதையேதான் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

"நெகட்டிவ் எண்ணை மறந்தேன்" பட்டியல் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் இன்டர்வியூ. ஓர் அர்ரே, அதாவது எண்களின் வரிசை ஒன்று தருகிறார்கள், அதில் அடுத்தடுத்து இருக்கும் எண்களைக் கூட்டினால் குறிப்பிட்ட ஒரு தொகை வர வேண்டும், அப்படி எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்ல வேண்டும். நான் அதற்கு முந்தைய இரண்டு வாரமும் ஸ்லைடிங் விண்டோ ப்ராப்ளங்களாகவே போட்டுத் தள்ளியிருந்தேன். கை தானாக எழுதியது. வலது பக்கம் ஒவ்வோர் எண்ணாகச் சேர், தொகை அதிகமானால் இடது பக்கம் உதறு. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவர் எதுவும் பேசாமல் ஸ்கிரீனில் இரண்டே எண்களைத் தட்டினார்: 4, -1. வேண்டிய தொகை 3.

என் கோட் முதலில் 4-ஐச் சேர்த்தது. 3-ஐ விட அதிகம், அதனால் அதை உதறியது. பிறகு -1-ஐச் சேர்த்தது. மொத்தம் -1. விடை பூஜ்யம் என்றது. 4-ஐயும் -1-ஐயும் கூட்டினால் 3 என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எண்கள் நெகட்டிவாக வரலாம் என்று கேள்வியிலேயே எழுதியிருந்தது. எண்ணைச் சேர்க்கச் சேர்க்கத் தொகை ஏறிக்கொண்டே போகும் என்றால்தான் அந்த முறை நிற்கும், நெகட்டிவ் வந்தால் விழுந்துவிடும். அதுவரை வந்த கூட்டுத்தொகைகளை ஒரு ஹேஷ்மேப்பில், அதாவது போட்டதை உடனே தேடி எடுக்க உதவும் அட்டவணையில், போட்டுக்கொண்டே போயிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, தனியாகக் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். இந்த இடத்துக்கு அதுதான் வேண்டும் என்பது தெரியவில்லை. அன்று இரவு அந்த ப்ராப்ளத்தைத் தேடிப் பிடித்து, புதிதாக ஒரு பட்டியல் தொடங்கி, முதல் வரியில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் அது அர்ரே ஃபோல்டரில் 38-ஆவது இடத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே நீல நிறத்தில் "ப்ரீஃபிக்ஸ் சம்" என்று ஒரு டேக், அதுவரை வந்த கூட்டுத்தொகை என்று அர்த்தம். இன்டர்வியூவில் எனக்கு வராமல் போன அந்த ஒரு விஷயத்தை, நான் கேட்காமலே, ப்ராப்ளத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். இனி அதை வைத்து நான் எதைப் பழகுவது?

ஒரு ப்ராப்ளத்தைப் பார்த்ததும் இது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. கேள்வியின் அடியில் கொடுக்கும் எல்லைகளைப் பார்த்தே பழகியவர்கள் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். 20 உறுப்புகள்தான் என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்துவிடலாம், பத்து லட்சத்துச் சொச்சம்தான் வரும். ஒரு லட்சம் உறுப்புகள் என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் போட்டாலே ஆயிரம் கோடி முறை ஓட வேண்டியதாகிவிடும், அந்த வழியே கிடையாது. இப்படித் துப்பறிந்து துப்பறிந்துதான் வகைக்கு வந்து சேர வேண்டும். டேக் அந்தப் பாதையை வெட்டிவிடுகிறது.

இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கும் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு வகை வகையாகப் பிரித்துப் போட்டது, இன்னொரு குழு எல்லாவற்றையும் கலந்து போட்டது. பயிற்சி நேரத்தில் பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது பிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63 சதவீதம். பயிற்சியில் நன்றாக வருகிறது என்று தோன்றுவதற்கும் உண்மையில் மனதில் நிற்பதற்கும் அவ்வளவு தூரம் இருக்கிறது. அது கணிதம், இது கோடிங், சரி. ஆனால் இரண்டு வாரம் ஸ்லைடிங் விண்டோவாகவே போட்டுவிட்டு 4, -1 என்ற இரண்டு எண்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாடத் தலைப்பு பல நேரம் தப்பான இடத்துக்கு அனுப்பும். ஜாவா என்ற கணினி மொழியின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே, அதாவது வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் கோடிலேயே, ஏறக்குறைய ஒன்பது வருடம் ஒரு பிழை இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, அர்ரே மிகப் பெரிதாக இருந்தால் அந்தக் கூட்டல், ஜாவாவின் இன்டிஜர் (முழு எண்) தாங்கும் உச்சமான 2147483647-ஐத் தாண்டி நெகட்டிவ் ஆகிவிடும். தேடும் முறையில் ஒரு தப்பும் இல்லை, கூட்டலில்தான் தப்பு. என்னிடம் அது "இன்டிஜர் எல்லை தாண்டியது" பட்டியலில் இருந்தது. அதன் பக்கத்தில் ஓர் எண்ணைத் திருப்பி எழுதும் ப்ராப்ளம், அதற்குப் பக்கத்தில் பெரிய தொகைகளைக் கூட்டும் ஒன்று. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டால்தான் மூன்றும் ஒரே நோய் என்று தெரியும். இப்போது மூன்றும் மூன்று மூலையில் கிடக்கின்றன.

"புதிதாகப் படிப்பவர்களுக்கு வகை வாரியாகத்தானே வேண்டும்" என்கிறார்கள். ஆமாம், வேண்டும். எனக்கும் முதல் சில மாதம் அப்படித்தான் தேவைப்பட்டது. அவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள், எனக்கு மறைக்க ஒரு பட்டன் கொடுங்கள். கோட்ஃபோர்சஸ் என்ற இன்னொரு கோடிங் தளத்தில் நாம் இன்னும் தீர்க்காத ப்ராப்ளங்களுக்கு டேக்கைக் காட்டாமல் வைத்துக்கொள்ள செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

"டேக் வேண்டாம் என்றால் பார்க்காதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். படிக்கத் தெரிந்த கண் எப்படிப் படிக்காமல் இருக்கும்? பெயரைப் படிக்கும்போதே டேக்கும் உள்ளே போய்விடுகிறது.

"இலவசமாகக் கிடைப்பதற்கு இவ்வளவு பேச்சா" என்பதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. முதலில், நான் இரண்டு வருடமாகச் சந்தா கட்டுகிறேன். கட்டாதவர்களும் கேட்கலாம். ப்ராப்ளங்கள் அவர்களுடையவை, யாரும் மறுக்கவில்லை. பட்டியல் என்னுடையது. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து, ஒன்றில் தோற்று, ஏன் தோற்றேன் என்று யோசித்து, சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தது நான். அவர்களுடைய இடத்தில் வைத்தேன் என்பதற்காக அது அவர்களுடையது ஆகிவிடுமா? "நீதான் வேறெங்காவது ஒரு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும்" என்பதையும் கேட்டேன். எடுத்திருக்க வேண்டும், சரி. பூட்டாமல் போனது என் தப்பாகவே இருக்கட்டும். உள்ளே வந்து பொருளை இடம் மாற்றியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்களா?

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். பழைய வரிசையைத் திரும்பக் கொண்டுவர முடியாது, புதிய ஃபோல்டர்களைப் பயன்படுத்திப் பாருங்கள், பிடிக்கும் என்று எழுதியிருந்தார்கள். நான் ஒன்பது பட்டியல்களின் பெயரையும் ஒவ்வொன்றாக எழுதி, எதற்காக வைத்திருந்தேன் என்று விளக்கி அனுப்பியிருந்தேன். அவற்றில் ஒரு பெயர்கூட அந்தப் பதிலில் இல்லை. மேலே அந்த வளையம் மட்டும் அர்ரேயில் 71 சதவீதம் முடித்துவிட்டேன் என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. நான் எதையும் முடிக்கவில்லை. அந்த 71-இல் பாதியை நான் மறுபடி போட்டுப் பார்க்கத்தான் எடுத்து வைத்திருந்தேன்.

புதன் இரவிலிருந்து ஒரு நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு வருகிறேன். ஞாபகத்திலிருந்து இதுவரை 61 வந்திருக்கிறது. "நெகட்டிவ் எண்ணை மறந்தேன்" பட்டியலில் மொத்தம் 17, அதில் 11 கிடைத்துவிட்டது. "விடை வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை" பட்டியலில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இங்கே யாராவது உங்கள் பழைய பட்டியல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால், அதில் என்னிடம் வாங்கிச் சேர்த்தவை ஏதாவது இருந்தால், தயவுசெய்து இன்பாக்ஸில் அனுப்புங்கள்.