மிஸிஸுக்கு ஆறு டின்

(கொழும்பு, கொட்டாஞ்சேனை. விடிந்தால் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை; சாராயக் கடைகள் பூட்டு. அதனால் ஒரு சாராயக் கடையில் கம்பி வலை போட்ட கவுண்டரின் முன்னால் வரிசை தெருவரைக்கும் நீண்டிருக்கிறது.)

கடைக்காரர்: அடுத்த ஆள்! சொல்லுங்கள் சேர். காலா, அரையா, முழுதா?

வந்தவர்: (கம்பியோடு முகத்தை ஒட்டி, மெதுவாக) அந்தக் கண்ணாடி ஃபிரிட்ஜில்... மேல்தட்டில் இருக்கிறதே...

கடைக்காரர்: சத்தமாகச் சொல்லுங்கள் சேர், பின்னால் பஸ் போகிறது.

வந்தவர்: பீச்.

கடைக்காரர்: பீர்?

வந்தவர்: பீர் இல்லை, பீச். பழம் போட்டது. டின்னில் வருமே. ஆறு தாருங்கள். (பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி) மனுசிக்கு!

கடைக்காரர்: மிஸிஸுக்கா? அதற்கென்ன, இப்போது நிறையப் பேர் கொண்டுபோகிறார்கள். (நாலு டின்னை எடுத்து வைத்துவிட்டு நிற்கிறார்.) சேர், போன வெள்ளிக்கிழமையும் ஆறு கொண்டுபோனீர்கள், இல்லையா?

வந்தவர்: ஓம். மனுசிக்குத்தான்.

கடைக்காரர்: செவ்வாய்க்கிழமையும் வந்தீர்கள்.

வந்தவர்: அன்றைக்கு அவளுடைய தங்கச்சி வந்திருந்தாள்.

கடைக்காரர்: ஐயோ. தங்கச்சியும் பாவிக்கிறாவா?

வந்தவர்: சும்மா, ருசி பார்க்க.

கடைக்காரர்: சேர், கோபிக்கக் கூடாது. விற்கிற ஆள் பேசக் கூடாத கதைதான். ஆனால் மனம் கேட்கவில்லை. மிஸிஸை யாரிடமாவது காட்டினால் நல்லது.

வந்தவர்: எதற்கு?

கடைக்காரர்: குடிக்கு.

வந்தவர்: என்ன பேச்சு இது! அவள் குடிப்பதே இல்லை. இது ஜூஸ் மாதிரி.

(குறுக்கே ஒரு வார்த்தை. இந்த "ஜூஸ் மாதிரி"யை நான் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், பிறந்தநாள் வீட்டில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் எல்லாரும் தலை நரைத்தவர்கள். உண்மையான ஜூஸைக் கையில் வைத்திருக்கிற ஒருவரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.)

கடைக்காரர்: ஜூஸ் மாதிரியா? டின்னைத் திருப்பிப் பாருங்கள். 330 மில்லி, 5 சதவீதம். கணக்குப் போட்டால் பதினாறரை மில்லி அசல் சரக்கு. அந்தப் பக்கம் அடுக்கியிருக்கிற சாராயம் 33.5 சதவீதம். அதில் 50 மில்லி ஊற்றினால் பதினாறே முக்கால். ஆக, ஒரு டின்னும் ஒரு ஷொட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு டின் என்றால் முந்நூறு மில்லிச் சாராயம். கால் போத்தல் எவ்வளவு? 180 மில்லி. மிஸிஸ் ஒரு இருப்பில் ஒன்றரைக் காலுக்கு மேல் அடிக்கிறா.

வந்தவர்: ஒரு இருப்பில் இல்லை! டிவி பார்த்துப் பார்த்து, ஆறுதலாக.

கடைக்காரர்: எல்லாரும் ஆறுதலாகத்தான் தொடங்குகிறார்கள். ஒன்று செய்யலாமா? ஒரு கால் போத்தலும் ஒரு இஞ்சிச் சோடாவும் தருகிறேன். அளவு தெரியும். கசக்கிறபோது கை தானாக நிற்கும்.

வந்தவர்: (முகம் சுருங்கி) சாராயமா? வேண்டாம். அந்த மணமே வயிற்றைப் பிரட்டும். தொண்டையில் இறங்கும்போது நெருப்பு.

கடைக்காரர்: மிஸிஸ் சொன்னாவா?

வந்தவர்: ...ஓம். மிஸிஸ் சொன்னா.

கடைக்காரர்: அப்படியென்றால் பீச்சை விட்டு வேறு பழம் பார்ப்போமா? தர்ப்பூசணி வந்திருக்கிறது.

வந்தவர்: அது சரியில்லை. முதல் மிடறு இனிக்கும், பிறகு இருமல் மருந்து போல ஒரு வாடை. ஸ்ட்ரோபரி பரவாயில்லை, ஆனால் நாக்குச் சிவந்து இரண்டு மணித்தியாலம் போகாது. பீச்சில்தான் இனிப்பும் இருக்கிறது, கடைசியில் ஒரு சின்னப் புளிப்பும் இருக்கிறது. நல்லாய்க் குளிரவைத்து, மூடியை இழுத்தவுடன் வருகிற அந்த முதல் நுரை இருக்கிறதே, அதோடு குடிக்க வேண்டும்!

கடைக்காரர்: மிஸிஸ் சொன்னாவா?

வந்தவர்: ஓம்! அவள்தான்! ஓயாமல் சொல்வாள்!

கடைக்காரர்: நாக்குச் சிவந்ததையும் அவதான் சொன்னாவா?

வந்தவர்: நான் பார்த்தேன். காட்டினாள்.

கடைக்காரர்: பாவம் சேர் நீங்கள். சரி, சோடா ஏதாவது கொடுத்து மனத்தை மாற்றிப் பார்த்தீர்களா? நெக்டோ, கிரீம் சோடா?

வந்தவர்: சோடாவா? அதை எப்போதோ விட்டாயிற்று. 2016இல் சோடாப் போத்தல்களில் பொட்டுப் போடத் தொடங்கினார்களே, சீனி கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை என்று. அந்தச் சிவப்பைப் பார்த்த நாளோடு நிறுத்தினேன். எனக்குச் சீனி வருத்தம்.

கடைக்காரர்: உங்களுக்குச் சீனி வருத்தம் என்று மிஸிஸ் சோடாவை விட்டாவா?

வந்தவர்: ஒற்றுமையான குடும்பம்.

கடைக்காரர்: சோடாவை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டா. டொக்டர் என்ன சொல்கிறார்?

வந்தவர்: மதுவைத் தொடக் கூடாது என்றார். இனிப்பையும் தொடக் கூடாது என்றார். இரண்டையும் சேர்த்துத் தொடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்காரர்: மிஸிஸுடைய டொக்டரா, உங்களுடையவரா?

வந்தவர்: குடும்ப டொக்டர்! டின்னை எடுங்கள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். நாளைக்குப் பௌர்ணமி விரதம் வேறு. வேளைக்குப் போக வேண்டும்.

கடைக்காரர்: விரதம் யாருக்கு?

வந்தவர்: மனுசிக்கு.

கடைக்காரர்: (கையிலிருந்த டின்னை வைத்துவிட்டு) இன்று இரவு ஆறு டின், விடிந்தால் விரதம்! அம்மனே, அந்த மனுசியை நினைக்கத் தலை சுற்றுகிறது.

வந்தவர்: அண்ணே, நீங்கள் இதைப் பெரிய குற்றம் போலப் பேசுகிறீர்கள். வெளிநாட்டில் இது நாகரிகம். என் தம்பி சிட்னியில் இருக்கிறான். 1993இல் அவுஸ்திரேலியாவில்தான் எலுமிச்சம்பழத்தில் இதைச் செய்து போத்தலில் விற்றார்கள். இரண்டு வருஷத்தில் இங்கிலாந்திலும் அந்த மாதிரி வந்துவிட்டது. எவ்வளவு பெரிய நாடுகள்!

கடைக்காரர்: அதே அவுஸ்திரேலியாவில்தான் 2008இல் இந்தச் சாமானுக்கு வரியை எழுபது சதவீதம் கூட்டினார்கள். இளசுகள் ஜூஸ் போலக் குடிக்கிறார்கள் என்று. என் மச்சான் மெல்பேர்னில் இருக்கிறான் சேர். தம்பி அதைச் சொல்லவில்லையா?

வந்தவர்: தம்பி வரி விஷயம் பேசமாட்டான்.

கடைக்காரர்: எனக்கு இதில் ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. 2006இல் ஒரு சட்டம் போட்டார்கள். மதுவுக்கு விளம்பரம் கூடாது, 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. சரி, நியாயம். போன மாதம் ஒருவர் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழெட்டு வயதுப் பையன். ஃபிரிட்ஜைக் கண்டவுடன் "அப்பா, எனக்கு அந்த ஸ்ட்ரோபரி" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. இவ்வளவு காலத்தில் சாராயப் போத்தலைக் காட்டி ஒரு பிள்ளையும் அழுததில்லை. டின் முழுக்கப் பழத்தைக் கீறி வைத்த பிறகு தனியாக விளம்பரம் எதற்கு?

வந்தவர்: நான் பிள்ளை இல்லையே.

கடைக்காரர்: நீங்கள் எங்கே குடிக்கிறீர்கள் சேர், குடிப்பது மிஸிஸ்.

வந்தவர்: ...ஓம். மிஸிஸ்.

கடைக்காரர்: மிஸிஸை ஒருநாள் இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், நானே பக்குவமாகப் பேசிப் பார்க்கிறேன்.

வந்தவர்: இங்கேயா? பொம்பிளைகள் வருகிற இடமா இது?

கடைக்காரர்: (குரலே மாறுகிறது) ஓ, அது வேறு இருக்கிறதா? பொம்பிளைகளுக்குச் சாராயக் கடையில் விற்கக் கூடாது என்று 1979இல் போட்டார்கள். 2018 தை மாதம் மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது அதை எடுத்துவிட்டார். ஒரு கிழமை தாங்கவில்லை. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கூட்டத்தில் ஏறி, அதை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டேன் என்றார். நாட்டின் பண்பாடு அந்த ஒரு கிழமை மட்டும் ஆடிப்போய் நின்றதாம். நான் இங்கேதான் நின்றேன். ஒரு பொம்பிளைகூட வரவில்லை. ஆனால் சேர், இந்த ஃபிரிட்ஜில் இருந்து போகிற ஒவ்வொரு டின்னும் ஒரு பொம்பிளையின் பேரில்தான் போகிறது. மனுசிக்கு, மச்சாளுக்கு, மகளின் சிநேகிதிக்கு. ஒருவர் மாமியாருக்கு என்றார். மாமியாருக்கு எண்பத்திரண்டு வயதாம், லெமன்தான் பிடிக்குமாம். வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. பழியை வாங்க மட்டும் இருக்கிறது.

(வரிசையில் யாரோ "அதுதானே" என்கிறார். யாரென்று திரும்பிப் பார்த்தால் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.)

வந்தவர்: ...எவ்வளவு?

கடைக்காரர்: பில் போடுகிறேன். பையில் போடட்டுமா?

வந்தவர்: பேப்பரில் சுற்றுங்கள்.

கடைக்காரர்: டின்னுக்கு எதற்குப் பேப்பர்? வீதியில் பார்க்கிறவர்கள் ஜூஸ் என்றுதான் நினைப்பார்கள்.

வந்தவர்: அதுதானே பிரச்சினை! ஜூஸ் கொண்டுபோகிறான் என்று நினைத்துவிடுவார்கள். மூன்று மூன்றாக நெட்டுக்கு அடுக்கி, முழுப் போத்தல் போலச் சுற்றுங்கள்.

கடைக்காரர்: மிஸிஸுக்குக் கொண்டுபோகிற சாமானை யார் பார்த்தால் என்ன?

வந்தவர்: மிஸிஸ் யாழ்ப்பாணம் போயிருக்கிறாள்.

கடைக்காரர்: எப்போது?

வந்தவர்: போன மாதம்.

கடைக்காரர்: ...தங்கச்சி?

வந்தவர்: தங்கச்சியும் அங்கேதான்.

(கடைக்காரர் பேப்பரை விரிக்கிறார். முதல் மூன்று டின்னை உருட்டிச் சுற்றி, நுனியை முறுக்கி, போத்தல் கழுத்துப் போலவே ஆக்குகிறார். கை பழகிய கை. இந்த மாதிரி நிறையச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிகிறது.)

கடைக்காரர்: குடிக்கிறதற்கு வெட்கமில்லை. இனிப்பாகக் குடிக்கிறதற்குத்தான் வெட்கம். அப்படித்தானே?

வந்தவர்: உங்களுக்கு எங்கள் செட்டைப் பற்றித் தெரியாது அண்ணே. இன்று வெள்ளவத்தையில் ஒரு சிநேகிதன் வீட்டில் மெட்ச் பார்க்கக் கூடுகிறோம். எல்லாரும் சாராயக்காரர்கள். அதில் பெரிய மீசைக்காரர் ஒருவர் இருக்கிறார். சாராயத்தில் தண்ணீர் கலப்பவன் ஆம்பிளையே இல்லை என்பார். அவருக்கு முன்னால் நான் எப்படி பீச் டின்னை உடைப்பது? குசினிக்குள் போய்க் கிளாஸில் ஊற்றிக்கொண்டு வருவேன். இவ்வளவு நாளும் ஒருவருக்கும் தெரியாது.

கடைக்காரர்: குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கவும் வேண்டுமே.

வந்தவர்: சுளிப்பேன். ஒரு கடலையை வாயில் போட்டு "ஸ்ஸ்ஸ்" என்பேன்.

கடைக்காரர்: நல்ல நடிப்பு.

வந்தவர்: ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். இந்தப் பழங்களில் எது கிட்டத்தட்டச் சாராய நிறத்தில் இருக்கும்?

கடைக்காரர்: பீச்தான் சேர். ஆனால் இன்றைக்கு அதை எடுக்காதீர்கள்.

வந்தவர்: ஏன்?

கடைக்காரர்: வெள்ளவத்தை, மெட்ச், சிநேகிதன் வீடு என்றீர்களே. பின்னேரம் மூன்று பேர் தனித்தனியாக வந்து இதே கேள்வியைக் கேட்டு, ஆளுக்கு ஆறு பீச் கொண்டுபோனார்கள். மூன்றும் மிஸிஸுக்குத்தான். உங்களுடையதோடு இருபத்துநாலு. குசினிக்குள் நாலு பேரும் ஒரே நேரத்தில் சந்திக்கப் போகிறீர்கள்.

வந்தவர்: (கம்பியைப் பிடித்துக்கொண்டு) அதில் மீசைக்காரர் இருந்தாரா?

கடைக்காரர்: சேச்சே, அவர் பீச் எடுக்கவில்லை.

வந்தவர்: அதுதானே பார்த்தேன். அவர் சாராயம்தான்.

கடைக்காரர்: அவர் லிச்சி.