மணமகனின் நன்றியுரைக்கு உரிய இடம்

சுயமரியாதைத் திருமண மேடைகளில் வரவேற்புரையும் தலைமையுரையும் வாழ்த்துரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று என்ற செய்தி மண்டபம் முழுக்கப் பரவி, பாதி நாற்காலிகள் காலியான பிறகுதான் மணமகன் கைக்கு மைக் வருகிறது. அவரும் "வந்திருந்து வாழ்த்திய அனைவருக்கும் நன்றி, எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார். இந்த வழக்கம் மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

புரோகிதரும் மந்திரமும் இல்லாத இந்த முறையில் மணமக்களின் சொல்தான் திருமணத்தை நடத்திவைக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த திருமணத்திற்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இத்தகைய திருமணங்கள் சட்டத்தின் ஏற்பு இல்லாமலே நடந்தன. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதுதான் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்க்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. உற்றார் உறவினர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற ஏதேனும் ஒரு மொழியில், ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தாலே அத்திருமணம் செல்லும் என்கிறது அந்தப் பிரிவு. மாலை மாற்றுவதும் மோதிரம் அணிவிப்பதும் தாலி கட்டுவதும் அதற்கு அடுத்துத்தான் சொல்லப்படுகின்றன. மணமக்களின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு மதிப்பளித்துப் போராடிப் பெற்ற ஒரு முறையில், உறுதிமொழியை யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வதோடு மணமகனின் பேச்சு முடிந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

நன்றியுரையைத் தயாரிப்பதற்குப் பெரிய பேச்சுத்திறன் தேவையில்லை. யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும். பத்திரிகையில் அச்சான பெயர்களையெல்லாம் மறுபடி வாசிப்பதில் பயனில்லை, அவர்களை வரவேற்புரையிலேயே சொல்லியிருப்பார்கள். அண்மையில் ஓர் உறவினர் திருமணத்தில் மணமகன், பொறியியல் படிப்பின் முதல் ஆண்டுக் கட்டணத்திற்காகத் தன் தோட்டை அடகு வைத்த அக்காவைப் பற்றிப் பேசினார். அந்த அக்கா அப்போது பந்தியில் கறி பரிமாறிக்கொண்டிருந்தார். யாரோ போய்க் கையைப் பிடித்து அழைத்துவர, கரண்டியோடு வந்து வாசலோரம் நின்று கேட்டார். மேடையில் அதைச் சொல்லலாமா என்று முந்தைய வாரமே அக்காவிடமும் அவருடைய கணவரிடமும் மணமகன் கேட்டிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு அவர்மீது மதிப்பு கூடியது. ஒரு குடும்பத்தின் கடனையும் கண்ணீரையும் ஊரறியச் சொல்வதற்கு முன், உரியவர்களின் சம்மதத்தைப் பெற்றே ஆக வேண்டும்.

இப்படி மூன்று பேரைப் பற்றிச் சொன்னால் போதும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பேச்சுகளையும் எதுகை மோனை அடுக்கிய வாழ்த்துக் கவிதைகளையும் எடுத்துப் படிக்காமல், மாமாவிடம் பேசுகிற மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது, எந்த வாக்கியம் நம் வாயில் வராது என்பது தெரிந்துவிடும். நான்கு நிமிடத்திற்குமேல் போனால் குறைத்துவிடுவது நல்லது. கைப்பேசியைப் பார்த்துப் படிப்பதைவிட, பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாளைச் சட்டைப்பையில் வைத்திருப்பதே பாதுகாப்பு. ஏனெனில் திருமணத்தன்று மணமகனின் கைப்பேசி அவர் கையில் இருப்பதே அரிது. பேசும்போது கழுத்து மாலை மைக்கில் உரசி இரைச்சல் எழுப்பும் என்பதால், அதைக் கழற்றித் தோழரிடம் கொடுத்துவிட்டுப் பேசுவதில் தவறேதும் இல்லை. நன்றி சொல்லப்படுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, ஒளிப்படக்காரரின் பக்கம் திரும்பாமல் அவர் முகத்தைப் பார்த்தே பேச வேண்டும். குரல் தழுதழுத்தால் நிறுத்திவிட்டுத் தொடரலாம், கூட்டம் காத்திருக்கும்.

மணமகன் மட்டும் பேசி, மணமகள் பக்கத்தில் கைகட்டி நிற்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்று அரை மணி நேரம் வாழ்த்துரை நிகழ்த்துகிற மேடையில் மணமகளிடம் மைக்கை நீட்டாமல் போவது அந்த வாழ்த்துரைக்கே முரணானது. இருவரும் பேச வேண்டும்; ஒருவர் சொன்ன பெயர்களையே மற்றவரும் சொல்லாதபடி முன்கூட்டியே பிரித்துக்கொண்டால் நேரமும் மிஞ்சும்.

ஆகவே நிகழ்ச்சி நிரல் எழுதுகிற பெரியவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: உறுதிமொழி ஏற்று மாலை மாற்றிய உடனேயே, வாழ்த்துரைகளுக்கு முன்பே, மணமக்களின் உரையை வைத்துவிடுங்கள். மண்டபம் நிறைந்திருக்கும் அந்த நேரத்தில்தான் சமையற்கட்டிலிருந்தும் பந்தியிலிருந்தும் எல்லோரும் எழுந்து வந்து நிற்கிறார்கள். தலைவர்கள் அதன்பின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாழ்த்தட்டும்.