கடல் இல்லாத ஊர்க்காரன் கப்பலைப் பற்றிப் பேசக்கூடாதா?

நேற்று நம் மா விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கப்பல் புகைக்குக் கட்டணம் போடும் தீர்மானம் லண்டனில், ஐ.நா. கப்பல் அமைப்பில், ஒரு வருஷம் தள்ளிப்போனதற்கு இங்கே கைதட்டினார்கள். "மாங்கூழ் ஏற்றுமதி தப்பிச்சுது"ன்னார் ஒருத்தர். எதுக்குங்க கைதட்டறீங்கன்னு கேட்டேன். "கிருஷ்ணகிரியில கடலா இருக்கு? போய் மாந்தோப்பைப் பாருப்பா"ன்னு உட்கார வைத்துவிட்டார்கள்.

மாந்தோப்பைப் பார்ப்பதால்தான் கேட்டேன்.

என் டிராக்டருக்கு ஊற்றும் டீசலுக்கு டெல்லிக்கும் வரி, சென்னைக்கும் வரி. மாங்கூழ் டிரம்மை ஏற்றிக்கொண்டு ஐரோப்பா போகும் கப்பலின் எண்ணெய்க்கு உலகத்தில் அநேகமாக எங்கேயும் வரி இல்லை. விமானமும் அப்படித்தான். டாங்கில் கொண்டுவரும் எண்ணெய்க்கு, இறங்கும் நாடு வரி போடக்கூடாதென்று 1944 சிகாகோ உடன்படிக்கையிலேயே எழுதிவிட்டார்கள். 1997 கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தில் விமானப் புகையை மான்ட்ரியலில் இருக்கும் ஐ.நா. விமான அமைப்பிடமும் கப்பல் புகையை அந்த லண்டன் அமைப்பிடமும் ஒப்படைத்தார்கள். கப்பல் மட்டுமே உலகப் பசுங்குடில் வாயுவில் ஏறத்தாழ 3 சதவீதம். கட்டுகிறவன் நான், கட்டாதவன் அவன். இதைத்தான் கேட்டேன்.

போன தை மாசம் எங்கள் பெங்களூரா மாமரங்களில் பூங்கொத்தைக் கையில் பிடித்தால் நுனி கருகி, பொலபொலவென்று உதிர்ந்தது. ராத்திரி பனி, பகலில் சித்திரை வெயில். அப்பா மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போனார். அந்தப் பூவைக் கப்பல்தான் கருக்கியது என்று நான் சொல்லவில்லை. பருவம் இப்படித் தப்புவதில் அந்தப் புகைக்கும் பங்கு இருக்கிறது, அதற்கு உலகம் முழுக்கப் பொதுவான கட்டணம் இல்லை என்கிறேன்.

"சரக்குக் கூலி ஏறும், கடைசியில் நம்ம தலையில்தான் விடியும்" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் 2025 ஏப்ரலில் லண்டன் அமைப்பு ஒப்புக்கொண்ட வரைவு, எல்லாப் புகைக்கும் கட்டணம் போடவில்லை. வரம்பைத் தாண்டிய டன்னுக்கு 100 டாலர், ரொம்பவே தாண்டினால் 380. அந்தப் பணம் ஒரு பொது நிதிக்குப் போய், வளரும் நாடுகளுக்கும் உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியாவும் ஆதரவாக ஓட்டுப் போட்டது. அதைத்தான் அக்டோபரில் 57க்கு 49 என்று தள்ளிவைத்தார்கள்.

கூலியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். செங்கடல் சண்டையில் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க் கூலி ஏறியபோது நம் பழத்துக்கு விலையைக் குறைத்தார்கள். கூலி இறங்கியபோது கூட்டிக் கொடுத்தார்களா? ஃபேக்டரி வாசலில் லாரி வரிசையில் நின்று அடிப்பழம் அழுகி, சாறு ரோட்டில் ஒழுகியதே, அன்றைக்கு இந்த மேடையில் யார் பேசினார்கள்? நம்மைக் காட்டித்தான் கப்பல்காரனுக்கு வரிவிலக்கு கேட்கிறார்கள். நாம் கேட்டால் மட்டும் "உனக்குப் புரியாது" என்கிறார்கள். படித்துத் தெரிந்துகொண்டுதானே எழுந்து நின்றேன்?

பணக்கார நாடு முதலில் கட்டட்டும் என்கிறீர்களா? கட்டட்டும், கட்ட வைக்கத்தான் பொதுச் சட்டம். நம் நாடு மட்டும் போட்டால் போதாதா என்றால், போதாது. சென்னையில் வரி போட்டால் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ எண்ணெய் நிரப்பிக்கொள்வான். கப்பலின் முதலாளி ஒரு நாடு, பறக்கும் கொடி பனாமாவுடையது. யார் பிடிப்பது? எல்லா நாடும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் பிடி கிடைக்கும்.

தள்ளிவைத்த கூட்டம் திரும்பக் கூடுவதற்குள் கப்பல் துறை அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதுகிறேன். கட்டணம் வேண்டும், அந்த நிதியில் மானாவாரி மா விவசாயிக்கும் பங்கு வேண்டும், இரண்டையும் கேட்கப் போகிறேன். சங்கத்தின் பெயர் அதில் இருக்காது. கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குக் காகிதத்தோடு வருகிறேன்.